ஸ்டார்கள் சறுக்கிய மேடையில் டீம் ஜெயித்தது எப்படி? டிவி காமெடியின் ‘பசை’ ரகசியம்

1985 நவம்பர். அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ காமெடி நிகழ்ச்சியின் 11-வது சீசன் தொடங்குகிறது. சுருக்கமாக எஸ்.என்.எல். அந்த வருஷம் சேர்ந்த புதுமுகங்களின் பட்டியலைப் பார்த்தால் இன்றைக்கும் கண் விரியும். நாம் ‘அயர்ன் மேன்’ ஆகக் கொண்டாடும் ராபர்ட் டவுனி ஜூனியர், அப்போது வயது 20. டீன்-ஏஜ் படங்களால் நாடு முழுக்கத் தெரிந்த முகமாகியிருந்த ஆந்தனி மைக்கேல் ஹால், வயது 17. அதற்கு முன்பே ஆஸ்கர் பரிந்துரை வரை போய் வந்த ராண்டி க்வெய்ட். பின்னாளில் இரண்டு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஜோன் குசாக்.

இத்தனை பேர் இருந்தும் ஷோ எடுபடவில்லை. சீசன் முடிந்தபோது நிகழ்ச்சியையே இழுத்து மூடிவிடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போனது. ராபர்ட் டவுனி உட்படப் பெரும்பாலானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அடுத்த வருஷம், 1986 அக்டோபர். பழைய ஆட்களில் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஐந்து பேர் வருகிறார்கள். டேனா கார்வி, ஃபில் ஹார்ட்மன், ஜேன் ஹுக்ஸ், கெவின் நீலன், விக்டோரியா ஜாக்சன். தெருவில் நடந்து போனால் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்தியது இந்த டீம்தான். எஸ்.என்.எல். 2025-ல் 50 வருஷத்தைத் தொட்டது என்றால், அதற்கு 1986-ன் அந்தத் திருப்பம் முக்கியக் காரணம்.

அதே மேடை, அதே தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ், அதே சனிக்கிழமை இரவு. பிறகு என்னதான் மாறியது? டிவி காமெடிக்குத் தேவை தனி ஆள் திறமையா, டீம் ப்ளேயரா?

ஒரு வாரத்தில் ஒரு ஷோ: எப்படி ஓடுகிறது?

இதற்குப் பதில் தெரிய, முதலில் அந்த நிகழ்ச்சி தயாராகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

திங்கள்கிழமை, அந்த வார விருந்தினர் முன்னால் எல்லோரும் ஐடியா சொல்வார்கள். செவ்வாய் இரவு முழுக்கத் தூங்காமல் எழுதுவார்கள். புதன்கிழமை ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, 40 ஸ்கெட்ச்கள் வரைக்கும் சத்தமாக வாசித்துப் பார்ப்பார்கள். அதில் பெரும்பாலானவை அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். வியாழன், வெள்ளி ஒத்திகை. சனிக்கிழமை மாலை பார்வையாளர்கள் முன்னால் முழு ஒத்திகை. அதிலும் சில ஸ்கெட்ச்கள் வெட்டப்படும். இரவு 11.30 மணிக்கு நேரலை.

இந்த முறையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் ஸ்கெட்ச் மேடை ஏற வேண்டுமென்றால் பக்கத்து சீட்காரரின் ஸ்கெட்ச் விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் எல்லோருமே போட்டியாளர்கள். ஆனால் உங்கள் ஸ்கெட்ச் சிரிப்பு வாங்க வேண்டுமென்றால், அதே பக்கத்து சீட்காரர் அதில் உங்களுக்கு அப்பாவாகவோ, போலீஸாகவோ, சர்வராகவோ முழு மனசோடு நடிக்க வேண்டும். புதன்கிழமை போட்டியாளர், சனிக்கிழமை கூட்டாளி!

தன் ஸ்கெட்சில் மட்டும் உயிரைக் கொடுத்து நடித்து, அடுத்தவர் ஸ்கெட்சில் ஒப்புக்கு நிற்கிறவர்கள் கூடிவிட்டால் ஷோ படுத்துவிடும்.

செட்-அப், பஞ்ச்: யார் பெரியாள்?

காமெடிக்கு இரண்டு பாதி. ஒன்று சிரிப்புக்கு வழி போட்டுத் தருவது, அதாவது செட்-அப். இன்னொன்று சிரிப்பை வெடிக்க வைப்பது, அதாவது பஞ்ச். கைதட்டல் பஞ்ச் அடித்தவருக்குப் போகும். வழி போட்டவரை யாரும் கவனிப்பதில்லை.

நம்ம ஊர் ரசிகர்களுக்கு இது புதுசில்லை. ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழ காமெடியில் கவுண்டமணி கத்தக் கத்தச் சிரிப்பு ஏறுகிறது. ஆனால் செந்தில் அந்த அப்பாவி முகத்தை ஒரு நொடி விட்டிருந்தாலும் மொத்தக் காட்சியும் கலைந்துபோயிருக்கும். அங்கே இருவரின் பெயரும் சேர்ந்தே நிலைத்தது. டிவியில் எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் ஸ்டார்: செவி சேஸ்

1975 அக்டோபர் 11-ல் எஸ்.என்.எல். தொடங்கியபோது அதில் பிரதானமாக ஏழு பேர். நிகழ்ச்சி தொடங்கிய சில மாதங்களிலேயே ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட வேகமாக மேலே போனார். அவர் செவி சேஸ்.

மற்ற ஆறு பேருக்கும் திறமை குறைவா? இல்லை. ஜான் பெலுஷி, டான் அக்ராய்ட், கில்டா ராட்னர் என எல்லோருமே பின்னாளில் பெரிய பெயர்கள் ஆனார்கள். சேஸுக்குக் கிடைத்தது ஒரு இடம். நிகழ்ச்சியின் நடுவே வரும் கிண்டல் செய்தி அறிக்கையை அவர் வாசித்தார். வாராவாரம் கேமராவைப் பார்த்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லித் தொடங்கினார். மற்றவர்கள் வேஷத்துக்குள் ஒளிந்திருந்தபோது, பெயரும் முகமும் சேர்ந்து மக்கள் மனதில் பதிந்தது அவர் ஒருவருக்குத்தான்.

1976-ல் இரண்டு எம்மி விருதுகள் வாங்கினார். அதே ஆண்டு, இரண்டாவது சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் ஷோவை விட்டுக் கிளம்பினார். அவர் இடத்துக்கு 1977 தொடக்கத்தில் பில் முர்ரே வந்தார். செய்தி அறிக்கையை ஜேன் கர்ட்டின் ஏற்றார். ஷோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரசிகர் கூட்டம் வளர்ந்துகொண்டேதான் போனது. 1978-ல் சேஸ் விருந்தினராகத் திரும்பி வந்தபோது மேடைக்குப் பின்னால் அவருக்கும் முர்ரேவுக்கும் கைகலப்பே நடந்தது.

சேஸ் தோற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. எண்பதுகளில் பல வெற்றிப் படங்கள் தந்தார். ஆனால் 1993 செப்டம்பரில் தன் பெயரிலேயே ஒரு இரவு நேர டாக் ஷோவை ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியபோது, அது ஆறு வாரங்களைக்கூடத் தாண்டவில்லை. தினமும் ஒரு மணி நேரம், சுற்றி அந்தப் பழைய டீம் இல்லாமல், தனி ஆளாகத் தாங்க வேண்டியிருந்தது.

ஆனால் தனி ஆள் காப்பாற்றியதும் உண்டு

டீம்தான் எல்லாம் என்று இத்தோடு முடித்துவிட்டால் கதை பாதிதான். எஸ்.என்.எல். வரலாற்றிலேயே அதற்கு எதிர் உதாரணம் இருக்கிறது.

1980-ல் லோர்ன் மைக்கேல்ஸும் பழைய நடிகர்களும் மொத்தமாக வெளியேறினார்கள். புதிதாக வந்த குழு பயங்கரமாகச் சொதப்பியது. அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்த 19 வயதுப் பையன் எடி மர்ஃபி. அந்த சீசன் முடிவதற்குள் தயாரிப்பாளரை மாற்றினார்கள். நடிகர்களில் தப்பித்தவர்கள் மர்ஃபியும் ஜோ பிஸ்கோப்போவும் மட்டுமே.

அடுத்த மூன்று வருஷம் ஷோவைத் தன் தோளில் தூக்கினார் மர்ஃபி. 1982 டிசம்பரில், விருந்தினராக வர வேண்டிய நடிகருக்கு உடம்பு முடியாமல் போக, அந்த இடத்தையும் மர்ஃபியே நிரப்பினார். ஷோவில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தொகுத்து வழங்கியவர் என்றால் இன்றுவரை அவர்தான்.

ஆக, ஒரு தனித் திறமையால் மூழ்கும் கப்பலைக் காப்பாற்ற முடியும். சிக்கல் அதற்குப் பிறகுதான். 1984 தொடக்கத்தில் மர்ஃபி சினிமாவுக்குப் போனதும் ஷோவில் பெரிய பள்ளம். அதை நிரப்ப பில்லி கிறிஸ்டல், மார்ட்டின் ஷார்ட் போன்ற அனுபவசாலிகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம் சிறப்பாகப் போனது. அவர்களும் கிளம்பிவிட்டார்கள். மறுபடி பூஜ்ஜியம். அப்போதுதான் மைக்கேல்ஸ் திரும்பி வந்து, நாம் முதலில் பார்த்த அந்த 1985 ஸ்டார் பட்டியலைச் சேர்த்தார்.

அதிலும் என்ன நடந்தது? தனக்கு உருப்படியான வாய்ப்பே வரவில்லை என்று கடுப்பில் இருந்த டேமன் வேயன்ஸ், நேரலையில் தனக்குக் கொடுத்த சின்ன போலீஸ் வேஷத்தை ஒத்திகையில் இல்லாத விதமாக மாற்றி நடித்தார். உடனே வேலை போனது. அவரைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. 1990-ல் அண்ணன் கீனன் ஐவரி வேயன்ஸ் தொடங்கிய ‘இன் லிவிங் கலர்’ நிகழ்ச்சியில் அதே டேமன் பின்னி எடுத்தார். திறமை அதேதான், அதைத் தாங்கிப் பிடிக்கும் ஆட்கள் இங்கே இருந்தார்கள்.

‘பசை’ என்று பெயர் வாங்கியவர்

1986-ல் சேர்ந்தபோது ஃபில் ஹார்ட்மனுக்கு வயது 38. அதற்கு முன் இசை ஆல்பங்களுக்கு அட்டை வடிவமைக்கும் டிசைனராக இருந்தவர். சக நடிகர்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் ‘க்ளூ’. அதாவது பசை. ஒட்டாத ஸ்கெட்ச்சையும் ஒட்டவைக்கிற ஆள்.

அப்படி என்ன செய்தார்? 1993 மே மாதம் ஒளிபரப்பான ஒரு ஸ்கெட்ச்சைப் பார்த்தால் புரியும். வழி தவறிப்போகும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ‘மோட்டிவேஷன் ஸ்பீக்கர்’ ஒருவரைப் பெற்றோர் வீட்டுக்கு அழைக்கிறார்கள். வருகிறவர் கிறிஸ் ஃபார்லி. விவாகரத்து ஆனவர், ஆற்றங்கரையில் ஒரு வேனுக்குள் குடியிருப்பவர். பேன்ட்டை மேலே மேலே ஏற்றிக்கொண்டு கத்துகிறார், குதிக்கிறார், கடைசியில் டீபாய் மேல் விழுந்து அதை நொறுக்குகிறார். பிள்ளைகளாக நடித்த டேவிட் ஸ்பேடும் கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொள்கிறார்கள்.

எஸ்.என்.எல். வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற ஸ்கெட்ச்களில் இதுவும் ஒன்று. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஃபார்லியை. அது நியாயம்தான். ஆனால் அந்தப் பாத்திரத்தை எழுதியவர் பாப் ஓடன்கர்க். ஆமாம், ‘பெட்டர் கால் சால்’ ஹீரோவேதான். ஒளிபரப்பானபோது அவர் ஷோவிலேயே இல்லை. அப்பாவாக நின்றவர் ஹார்ட்மன். அறை முழுக்கச் சிரிப்பில் உருண்டாலும் அவர், நிஜமாகவே பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் ஒரு நடுத்தரக் குடும்பத்து அப்பா மாதிரி நிற்கிறார். அவர் அந்த வீட்டை நம்பியதால்தான், அந்த வீட்டுக்குள் புகுந்த பைத்தியக்காரத்தனம் நமக்குச் சிரிப்பாகத் தெரிகிறது.

எட்டு சீசன்கள் அவர் செய்தது இதைத்தான். அதற்காக அவருக்குத் தனித் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. பில் கிளின்டனாக அவர் செய்த மிமிக்ரி அமெரிக்கா முழுக்கப் பிரபலம். ஆனால் தன் வாரம், அடுத்தவர் வாரம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

1994 மே மாதம் ஹார்ட்மன் விலகினார். அடுத்த சீசனில் ஃபார்லி இருந்தார், ஆடம் சாண்ட்லர் இருந்தார், டேவிட் ஸ்பேட் இருந்தார். பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் விமர்சகர்கள் அதை ஷோவின் மிக மோசமான வருஷங்களில் ஒன்றாகக் கிழித்தார்கள். ஹார்ட்மன் போனது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆள் கூட்டம் அதிகம், எழுத்தாளர்களிடம் சோர்வு எனப் பல பிரச்சினைகள். ஆனாலும் சிரிப்பு வெடிக்கிறவர்கள் நிறைய இருந்து, வழி போட்டுத் தர ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வருஷம் நல்ல உதாரணம். 1995-ல் சேனல் மறுபடியும் டீமைக் கலைத்தது. சாண்ட்லரும் ஃபார்லியும்கூட வெளியேறினார்கள்.

ஹார்ட்மன் 1998-ல் கொல்லப்பட்டார். வயது 49. ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் அவர் குரல் கொடுத்த ட்ராய் மெக்ளூர், லயனல் ஹட்ஸ் என்ற இரண்டு பாத்திரங்களுக்கும் மாற்றுக் குரல் தேடாமல், பாத்திரங்களுக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு ‘பசை’: சம்பளம்

டீமாக இரு என்று சொல்வது சுலபம். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு எல்லோரும் தனித்தனியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஸ்டாருக்கு அள்ளிக்கொடுத்து மற்றவர்களுக்குக் கிள்ளிக்கொடுத்தால், எந்த டீம் எத்தனை நாள் ஒட்டியிருக்கும்?

இந்தக் கேள்விக்கு ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் ஆறு பேரும் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். 1994-ல் தொடர் தொடங்கிய கொஞ்ச காலத்தில், யாருடைய கதைக்கு வரவேற்பு அதிகமோ அவர்களுக்குச் சம்பளம் கூடத் தொடங்கியிருந்தது. ராஸ், ரேச்சல் காதல் சூடுபிடித்ததால் டேவிட் ஷ்விம்மருக்கும் ஜெனிஃபர் அனிஸ்டனுக்கும் மற்றவர்களைவிட அதிகம். தனியாகப் பேசியிருந்தால் ஷ்விம்மர் இன்னும் அதிகம் வாங்கியிருக்கலாம். அவர்தான் ஆறு பேரும் சேர்ந்து போய்ப் பேசலாம் என்றார்.

1996-ல் சேர்ந்தே பேசினார்கள். மூன்றாவது சீசனுக்கு ஆளுக்கு, எபிசோடுக்கு 75,000 டாலர். கடைசி இரண்டு சீசன்களில் அது 10 லட்சம் டாலர். ஆறு பேருக்கும் ஒரே தொகை. அடுத்தவர் ஜோக் ஜெயித்தால் தனக்கு நஷ்டம் என்ற பயம் அங்கே யாருக்கும் இல்லை. மொத்தம் 236 எபிசோடுகள் அந்தக் கூட்டணி கலையாமல் ஓடியது.

தொடர் முடிந்த கையோடு, 2004-ல் மேட் லெ பிளாங்கை மட்டும் தனியாக எடுத்து ‘ஜோயி’ என்ற தொடர் வந்தது. இரண்டு சீசனில் நின்றது. இதோடு ஒப்பிட, ‘சியர்ஸ்’ தொடரிலிருந்து கெல்ஸி கிராமரைப் பிரித்து 1993-ல் தொடங்கிய ‘ஃப்ரேஸியர்’ 11 சீசன்கள் ஓடியது. வித்தியாசம் என்ன? ஃப்ரேஸியரைச் சுற்றிப் புதிதாக ஒரு குடும்பத்தையே உருவாக்கினார்கள். முன்னாள் போலீஸான அப்பா, அவரையே மிஞ்சும் தம்பி நைல்ஸ். பல எபிசோடுகளில் அதிகச் சிரிப்பு தம்பிக்குத்தான். ஹீரோ அதற்கு இடம் கொடுத்தார்.

கபில், சுனில்: இந்தியப் பாடம்

கிட்டத்தட்ட இதே கதை மும்பையிலும் நடந்தது. ‘தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்’ போட்டியில் தனி ஆளாக ஜெயித்து வந்தவர் கபில் ஷர்மா. 2013-ல் கலர்ஸ் சேனலில் அவர் தொடங்கிய ‘காமெடி நைட்ஸ் வித் கபில்’ பட்டிதொட்டியெல்லாம் பரவியதில் பெரும் பங்கு, ‘குத்தி’ என்ற பெண் வேஷத்தில் வந்த சுனில் குரோவருக்கு.

சுனில் விலகி, 2014-ல் தன்னை மையமாக வைத்து ‘மேட் இன் இந்தியா’ தொடங்கினார். சில மாதங்களில் நின்றுபோனது, கபிலிடமே திரும்பினார். 2016-ல் சோனி சேனலில் ‘தி கபில் ஷர்மா ஷோ’. 2017 மார்ச்சில் விமானத்தில் இருவருக்கும் நடந்த சண்டை செய்தியாக, சுனில் மறுபடி வெளியேறினார். அந்த ஆண்டே ஷோ நின்றது. கபிலின் உடல்நிலை அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

பிறகு இருவருமே பிழைத்துக்கொண்டார்கள். கபில் 2018 இறுதியில் ஷோவைத் திரும்பத் தொடங்கினார். சுனில் அட்லியின் ‘ஜவான்’ வரை நடித்தார். ஆனால் 2024 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் கபிலின் புது ஷோ வந்தபோது, இருவரும் ஒரே மேடையில் நிற்பதுதான் பெரிய விளம்பரமே.

சந்தானம் திரும்பி வந்த வழி

நம்ம ஊரில் இதற்கு ‘லொள்ளு சபா’. விஜய் டிவியில் இயக்குநர் ராம்பாலா, தமிழ்ப் படங்களையே நார் நாராகக் கிழித்த நிகழ்ச்சி. அதிலிருந்து முதலில் சினிமாவுக்குத் தாவியவர் சந்தானம், 2004-ல் ‘மன்மதன்’. ஆனால் லொள்ளு சபாவை இன்றைக்கு யூடியூபில் பார்க்கிறவர்கள் சந்தானத்துக்காக மட்டும் பார்ப்பதில்லை. ஜீவா, சுவாமிநாதன், விநோத உடல்மொழியில் வந்து நிற்கும் மனோகர், சேஷு என்று ஒவ்வொருவருக்கும் ரசிகர் உண்டு.

2016-ல் சந்தானம் ஹீரோவாக நடித்த ‘தில்லுக்கு துட்டு’ படத்தை இயக்கியவர் அதே ராம்பாலா. 2019-ல் வந்த ‘ஏ1’ உட்படச் சந்தானத்தின் பல படங்களில் லொள்ளு சபா முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. டிவியில் பல வருஷம் இருந்த சேஷு, அதிகப் பேருக்குத் தெரிந்த முகமானது ‘ஏ1’ படத்தால்தான். 2024 மார்ச்சில் அவர் காலமானபோது ‘லொள்ளு சபா சேஷு’ என்றுதான் செய்திகள் அவரைச் சொன்னன. இறுதிவரை அந்த டீமின் பெயரே அவருக்கு இனிஷியலாக இருந்தது.

சரி, இப்போது ஏன் இது முக்கியம்?

இன்றைக்கு நாம் காமெடி பார்ப்பது பெரும்பாலும் போனில், அரை நிமிட ரீல்ஸாக. அந்த அரை நிமிடத்தில் பஞ்ச் மட்டும்தான் நிற்கும், செட்-அப் வெட்டப்பட்டுவிடும். லைக்கும் ஃபாலோயரும் வெடித்தவருக்கே போகும். அதனால் இளம் கலைஞர்கள் எல்லோரும் பஞ்ச் அடிக்கவே ஓடுவது இயல்பு. வழி போட்டுத் தருகிறவருக்குப் பெயரும் பணமும் போய்ச் சேர ஒரு ஏற்பாடு இல்லாத வரைக்கும், ‘டீம் ப்ளேயரா இருங்க’ என்பது வெறும் அறிவுரைதான். இது டிவிக்கு மட்டும் இல்லை. அப்ரைசல் மீட்டிங்கில் உட்கார்ந்து எழுந்த யாருக்கும் தெரியும்.

அந்த 1993 ஸ்கெட்ச் இப்போதும் யூடியூபில் கிடைக்கிறது. முதல் தடவை ஃபார்லியைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியாது. இரண்டாவது தடவை ஓட்டும்போது, அந்த அப்பாவைப் பாருங்கள்.